குதிரைகளுக்குப் பின்னால் நின்றவர்கள்

வைத்திக்குப்பத்துக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைக் கண்டவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். வலையைக் கடலில் வளைத்து விட்டுவரும் படகில் இருப்போர் சிலரே. இரு முனையிலும் கயிற்றைப் பற்றி, ஈரமணலில் குதிகாலை ஊன்றி, பின்னோக்கி நடந்து இழுப்போர் பலர். மீன் கரை சேர்ந்ததும் விலை பேசப்படும். வலைக்கு உரியவரின் பெயர் சொல்லப்படும். கயிறு பிடித்தவர்களின் பெயரைக் கேட்பார் எவருமில்லை. ஆனால் அவர்களில் ஒரு பக்கத்தார் கைவிட்டால் போதும், வலை கரைக்கு வராது.

திரைப்படமும் ஒரு கரைவலையே. வெள்ளைத்திரையில் தெரியும் முகத்தை நாம் கொண்டாடுகிறோம். அம்முகத்தின்மேல் ஒளியை விழச் செய்தவர், அதற்கு ஊரும் தெருவும் கட்டிக் கொடுத்தவர், அது பேசாதிருந்தபோதும் இசையால் பேசியவர் ஆகியோர் நம் நினைவில் தங்குவதில்லை. நம்மில் நடுவயதைக் கடந்தோர், சிறுவர்களாய் இருந்த நாளில், பனைமட்டையைக் குதிரையாக்கிக் குப்பத்து மணலில் ஓடியிருப்போம். எங்கோ அமெரிக்காவில் மாடு மேய்த்தவர்களின் கதை நம் தெருவுக்கு எவ்வழியாய் வந்தது என்று அன்று நாம் எண்ணியதில்லை. அவ்வழியைச் சற்றே பின்தொடர்ந்து பார்ப்போம். அவ்வழியெங்கும் பெயர் மறைந்த மனிதர்கள் நிற்கிறார்கள்.

பிரான்சில் ஒரு தொடக்கம்

கௌபாய் படங்கள் அமெரிக்காவின் சொத்து என்பதே பொதுவான எண்ணம். ஆனால் ஐரோப்பியர்களும் திரைக்கலையின் இளமைக் காலத்திலேயே அவற்றைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டனர். அதில் முன்னே சென்றவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அன்று நம் புதுச்சேரியும் அவர்களுடைய ஆட்சியில்தான் இருந்தது.

பஃபலோ பில் என்னும் அமெரிக்கர் தம் குதிரை வீரர்களோடும் செவ்விந்தியர்களோடும் 1889-லும் 1905-லும் பாரிசில் காட்சி நடத்தினார். அக்காட்சி கிளப்பிய ஆர்வம் பிரெஞ்சு மக்களிடையே பரவிற்று. தென் பிரான்சில் ரோன் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் காமார்க் என்னும் சதுப்புநிலப் பகுதி இருக்கிறது. வெள்ளைக் குதிரைகளுக்கும் கறுப்புக் காளைகளுக்கும் பெயர்பெற்ற நிலம் அது. அங்குள்ள மேய்ப்பர்களைக் 'கார்தியான்' என்பார்கள். 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜோ அமான் என்னும் கலைஞர், இயக்குநர் ழான் துராந் முதலானோருடன் சேர்ந்து, இந்நிலத்தையே அமெரிக்க மேற்காக மாற்றிப் படமெடுத்தார். அமான் நடித்தார், குதிரையேறினார், தாமே இயக்கவும் செய்தார்.

அவருக்குக் குதிரைகளையும் காளைகளையும் மேய்ப்பர்களையும் தந்து உதவியவர், அப்பகுதியில் மாட்டுப்பண்ணை நடத்திய ஃபோல்கோ தெ பரோன்செல்லி என்னும் பிரபு. கமுக்கமாய்க் காமார்க் சேற்றில் மாடு மேய்த்தவர்கள், ஒருநாள் திரையில் அரிசோனா வீரர்களாய்ப் பாய்ந்தார்கள். அவர்களுடைய பெயரை யார் அறிவார்?

அந்தக் காமார்க்கில்தான் மூன்று மரியாக்களின் திருத்தலமான சேன்த் மரி தெ லா மேர் என்னும் கடற்கரை ஊரும் உள்ளது. ஆண்டுதோறும் மே மாதத்தில் திருவுருவங்களைத் தோளில் சுமந்து கடலுக்குள் இறங்குவது அவ்வூர் வழக்கம். மாசி மகத்தன்று பல ஊர்க் கோயில் தெய்வங்கள் வைத்திக்குப்பம் கடலுக்கு வருவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது அந்நியமான காட்சி அன்று. கடலோர மக்கள் எங்கும் ஒருவகையில் உறவினரே.

முகமூடிப் பெயர்கள்

முதல் உலகப்போர் பிரெஞ்சுத் திரைத்தொழிலை நிலைகுலையச் செய்தது. ஐரோப்பியக் கௌபாய் படங்கள் உலகை ஆளும் நாள் அரை நூற்றாண்டு கழித்தே வந்தது. 1962-இல் மேற்கு ஜெர்மனியர் கார்ல் மேயின் கதையை யூகோஸ்லாவிய மலைகளில் படமாக்கி வெற்றி கண்டனர். இரண்டே ஆண்டுகளில் இத்தாலியர் அவர்களை முந்தினர்.

1964-இல் செர்ஜியோ லியோனே இயக்கிய 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' வெளிவந்தபோது, அதன் பெயர்ப்பட்டியலில் இத்தாலியப் பெயர்கள் பல காணாமற் போயிருந்தன. இயக்குநர் பாப் ராபர்ட்சன் என்றிருந்தது. ஒளிப்பதிவாளர் மாசிமோ தல்லமானோ, ஜாக் தல்மாஸ் ஆனார். இசையமைத்த என்னியோ மோரிகோனே, டான் சாவியோ ஆனார். இத்தாலியர் எடுத்த கௌபாய் படம் என்று தெரிந்தால் மக்கள் பார்க்க வருவார்களா என்று அஞ்சி, அமெரிக்கப் பெயர்களைச் சூட்டிக்கொண்டார்கள்.

ஆனால் அந்த முகமூடிக்குள்ளும் ஒரு மகனின் பாசம் ஒளிந்திருந்தது. லியோனேயின் தந்தை வின்சென்சோ, ஊமைப்பட நாளில் ரொபெர்த்தோ ரொபெர்த்தி என்னும் புனைபெயரில் இயங்கிய இயக்குநர். 1913-இலேயே செவ்விந்தியக் கதையொன்றைப் படமாக்கியவர். அதில் நடித்தவர் லியோனேயின் தாயார். ராபர்ட்டின் மகன் என்று பொருள்படும் 'ராபர்ட்சன்' என்ற பெயரை மகன் தேர்ந்தெடுத்தது தற்செயல் அன்று. தம் பெயரை மறைத்துத் தந்தையின் பெயரை ஏற்றினார்.

இன்னொரு பெயரும் அப்படத்தில் விடுபட்டிருந்தது. அதைப் பாசம் என்று சொல்வதற்கில்லை. கதை பெருமளவு ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'யொஜிம்போ' (1961) படத்தினின்று எடுக்கப்பட்டது. வழக்கு எழுந்தது. வசூலில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு ஜப்பானியருக்குத் தருவதென உடன்பாடாயிற்று. அமெரிக்கத் திரையரங்குகளுக்குப் படம் 1967-இல்தான் வந்தது. பிறர் உழைப்புக்குரிய பெயரை மறைத்தால் என்றேனும் ஒருநாள் கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கும்.

இல்லாமை கற்பித்த கலை

இவர்களிடம் பணம் குறைவு. அக்குறையே அவர்களுடைய கலைக்கு வடிவம் தந்தது. வழக்கமான 35 மில்லிமீட்டர் படச்சுருளில் ஒரு காட்சித் துண்டுக்கு நான்கு துளை உயரம் தேவை. 'டெக்னிஸ்கோப்' என்னும் இத்தாலிய முறையில் இரண்டு துளை போதும். ஆயிரம் அடிச் சுருளில் பதினொரு நிமிடம் பிடிப்பதற்குப் பதில் இருபத்திரண்டு நிமிடம் பிடிக்கலாம். செலவு பாதியாகும், அகன்ற திரையும் கிடைக்கும். அகன்ற திரைக்கென்று தனி லென்சு தேவைப்படாததால் முகத்துக்கு மிக அருகில் சென்று படம்பிடிக்க முடிந்தது. வியர்வையும் புழுதியும் படிந்த முகங்கள் திரையை நிறைத்தன. சிக்கனத்துக்காகக் கண்ட வழி, ஓர் அழகியலாக மலர்ந்தது.

ஸ்பெயின் நாட்டு அல்மெரியாவில் உள்ள தபெர்னாஸ் வறண்ட நிலம் அமெரிக்கப் பாலைவனமாயிற்று. அங்கே 'ஃபார் எ ஃப்யூ டாலர்ஸ் மோர்' (1965) படத்துக்காக ஓர் ஊரையே எழுப்பியவர் கார்லோ சிமி. கட்டடக்கலை பயின்ற அவர் உடைகளையும் தாமே வடிவமைத்தார். படக்குழு போனபின் அவ்வூரைத் துணை நடிகர்களாய் இருந்த உள்ளூர் மக்களே வாங்கினர். அது இன்றும் பயணிகளை ஈர்க்கும் இடமாய் நிற்கிறது.

இசைக்கு வருவோம். லியோனேயும் மோரிகோனேயும் உரோமை நகரில் லசால் அருட்சகோதரர்கள் நடத்திய பள்ளியில் ஒரே வகுப்பில் இருந்தவர்கள். பல்லாண்டுகள் கழித்துத் தொழிலில் சந்தித்தார்கள். பெரிய இசைக்குழுவுக்குப் பணமில்லாதபோது மோரிகோனே சாட்டையொலியையும் மணியோசையையும் மனிதச் சீழ்க்கையையும் இசைக்கருவிகளாக்கினார். அந்தச் சீழ்க்கையை ஒலித்தவர் அலெசான்ட்ரோ அலெசான்ட்ரோனி. உலகில் கோடிக்கணக்கானோர் அந்தச் சீழ்க்கையை அறிவர். அவர் பெயரை அறிந்தோர் சிலரே.

கௌபாய் படங்களின் இசையமைப்பாளர் என்றே பலரும் அறிந்த மோரிகோனே, தம் முதுமையில் திருப்பலிக்கான இசையொன்றும் இயற்றினார். இயேசு சபை மீண்டும் நிறுவப்பட்டதன் இருநூறாம் ஆண்டு நினைவாக எழுந்து, அன்றைய திருத்தந்தை பிரான்சிசுக்குக் காணிக்கையான அவ்விசை, 2015-இல் உரோமையில் சபையின் ஜேசு ஆலயத்தில் ஒலித்தது. 2020 சூலை 6-இல் அவர் மறைந்தார். துப்பாக்கிக்குப் பின்னணி இசைத்த அதே கை, பலிபீடத்துக்கும் இசைத்தது. மனித உள்ளம் ஒரே அறையுள்ள வீடன்று.

ஐயாயிரம் கல்லறைகள்

'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' (1966) படத்தின் இறுதிக்காட்சி ஒரு கல்லறைத்தோட்டத்தில் நிகழ்கிறது. ஸ்பெயினின் புர்கோஸ் மாநிலத்தில், சிலோசு பெனடிக்டின் துறவுமடத்துக்குச் சற்றுத் தொலைவில், அந்தக் கல்லறைத்தோட்டத்தை அமைத்தவர்கள் ஸ்பானியப் படைவீரர்கள். வட்ட வட்டமாய் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள், அவற்றின்மேல் மரச்சிலுவைகள், உள்ளே எவரும் இல்லை. அதே படத்துக்கு அவர்கள் கட்டிய பாலம், சைகையைத் தவறாய்ப் புரிந்துகொண்டதால், படப்பெட்டிகள் ஓடுமுன்பே வெடித்துச் சிதறிற்று. வீரர்கள் முகஞ்சுளிக்காமல் மீண்டும் ஒரு பாலம் கட்டினர். இன்று நாம் திரையில் காண்பது இரண்டாம் பாலம்.

படம் முடிந்தது, புல் முளைத்தது, மண் மூடிற்று. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2015-இல், தன்னார்வலர்கள் மண்வெட்டியோடு வந்து மண்ணை அகற்றத் தொடங்கினார்கள். நடுவிலிருந்த கல்தளம் வெளிப்பட்டது. கல்லறைகளையும் மீண்டும் அமைத்தார்கள். இறந்தோர் இல்லாத கல்லறைக்கு இத்தனை பேர் ஏன் உழைத்தார்கள்? தங்கள் இளமையைத் தொட்ட ஒன்றைச் செய்த கைகளுக்கு நன்றி சொல்ல அவர்களுக்கு வேறு இடமில்லை.

இரு ஒளிப்பதிவாளர்கள்

1966-இல் வெளிவந்த 'ஜாங்கோ' என்னும் இத்தாலியப் படத்தில், சேறு படிந்த தெருவில் சவப்பெட்டியை இழுத்துவரும் நாயகனை நம்மில் சிலர் பார்த்திருக்கலாம். அச்சேற்றையும் மங்கிய வானையும் படம்பிடித்தவர் என்சோ பார்போனி. அவர் ஒளிப்பதிவோடு நிற்கவில்லை. 1970-இல் 'தே கால் மீ டிரினிட்டி' என்னும் நகைச்சுவைக் கௌபாய் படத்தை, ஈ.பி. கிளச்சர் என்ற புனைபெயரில் இயக்கினார். கடுமையும் குரூரமும் மிகுந்துவிட்ட படவகையில் அவர் சிரிப்பைப் புகுத்தினார். தல்லமானோவும் 1967-இல் 'பண்டிடோஸ்' படத்தின்வழி இயக்குநராயிருந்தார். பிறர் கதைக்கு ஒளி தந்தவர்களுக்குத் தம் கதையையும் சொல்லவேண்டும் என்ற வேட்கை எழுவது இயல்பே.

அதே 1970-இல், சென்னையில் இன்னோர் ஒளிப்பதிவாளரும் குதிரைகளோடு புறப்பட்டார். அவர்தாம் எம். கர்ணன்.

கே.எஸ். கோபாலகிருஷ்ணனின் 'கற்பகம்' (1963) போன்ற குடும்பப் படங்களுக்கு ஒளிப்பதிவு செய்தவர் அவர். நடுக்கூடமும் ஊஞ்சலும் கண்ணீரும் நிறைந்த அவ்வுலகினின்று, ஜெய்சங்கரை நாயகனாக்கி 'காலம் வெல்லும்' (1970) படத்தின் திறந்த வெளிக்கு வந்தார். தொடர்ந்து 1972-இல் 'கங்கா', 'ஜக்கம்மா', 1980-இல் 'ஜம்பு', 1989-இல் 'இரட்டைக்குழல் துப்பாக்கி' என்று இயக்கினார். இயக்கத்தோடு படப்பெட்டியையும் பெரும்பாலும் தம் கையிலேயே வைத்திருந்தார்.

அவர் காலத்துச் சூழலை நாம் மறக்கலாகாது. வண்ணப் படச்சுருள் வெளிநாட்டினின்று இறக்குமதியாக வேண்டும். அதற்கு உரிமம் வேண்டும். கறுப்பு வெள்ளைச் சுருளை உதகமண்டலத்து இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 1967 முதல் உற்பத்தி செய்து வந்தது. அவ்வாலை பின்னாளில் மூடப்பட்டுவிட்டது. கர்ணனின் தொடக்ககால முயற்சிகள் கறுப்பு வெள்ளையிலேயே அமைந்தன. பாதிச் சுருளில் அகன்ற திரையைக் கண்ட இத்தாலியரைப் போல, இவரும் கிடைத்ததைக் கொண்டு தம் மேற்கு நிலத்தைப் படைத்தார். அகன்ற தொப்பியும் இடைவாரும் வெளியிலிருந்து வந்தவை. கதையிலே வாழ்ந்த தாயும் பழியும் பாசமும் நம்முடையவை.

அடுத்த ஆண்டு, 1971-இல், கே.எஸ்.ஆர். தாஸ் இயக்கத்தில் கிருஷ்ணா நடித்த 'மோசகாள்ளகு மோசகாடு' தெலுங்கில் வந்தது. வி.எஸ்.ஆர். சுவாமி ஒளிப்பதிவு செய்தார். கவிஞர் ஆருத்ரா கதை எழுதினார். இராசத்தானப் பாலையில் படம்பிடித்தார்கள். அது தமிழிலும் ஆங்கிலத்திலும் மொழிமாற்றம் பெற்றது. இந்தியாவின் முதல் கௌபாய் படம் என அதைக் குறிப்போர் பலர். 'காலம் வெல்லும்' அதற்கு ஓராண்டு மூத்தது. முதல்வர் யார் என்னும் வழக்கைத் தீர்ப்பது நம் நோக்கமன்று. ஆனால் அவ்வழக்கில் கர்ணனின் பெயரை எடுத்துரைக்கக்கூட ஆளில்லாமற் போவது நியாயமா?

1975-இல் வந்த 'ஷோலே'யை எடுத்துக்கொள்வோம். கர்நாடகத்து இராமநகரப் பாறைகளுக்கிடையே ராம்கர் என்னும் ஊரை எழுப்பியவர் கலை இயக்குநர் ராம் எடேகர். படம்பிடித்தவர் துவாரகா திவேச்சா. ஒன்பது பிரிவுகளில் பிலிம்பேர் பரிசுக்கு முன்மொழியப்பட்ட அப்படம் ஒரே ஒரு பரிசைத்தான் பெற்றது. அது படத்தொகுப்பாளர் எம்.எஸ். ஷிண்டேக்கு உரியது. நடிகர் எவருக்கும் கிடைக்காத பரிசு, இருட்டறையில் சுருளை வெட்டி ஒட்டியவருக்குக் கிடைத்தது. ஆயினும் 'ஷோலே' என்றதும் நம் நாவில் வரும் பெயர்களுள் ஷிண்டே இருப்பதில்லை.

நம் கடன்

இப்படங்கள் குறையற்றவை என்று நாம் வாதிடவில்லை. பழிக்குப் பழி என்பதே இவற்றின் உயிர்நாடி. துப்பாக்கி தீர்ப்பு வழங்கும் உலகம் அது. மன்னிப்புக்கு அங்கே இடம் அரிது. பிள்ளைகள் இவற்றைப் பார்ப்பதை நம் பெற்றோர் விரும்பாததில் நியாயம் இருந்தது. இக்குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு படைப்பின் கருத்தோடு மாறுபடுவது வேறு. அதைப் படைத்த உழைப்பை மறப்பது வேறு. முன்னது நம் உரிமை. பின்னது நன்றிகேடு.

2010-இல் சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்' என்னும் நகைச்சுவைக் கௌபாய் படத்தைத் தமிழில் எடுத்தார். அதில் வரும் ஓர் ஊருக்கு ஜெய்சங்கர்புரம் என்று பெயர். பழைய நாயகருக்குச் செய்த அன்பான மரியாதை அது, நாமும் மகிழ்ந்தோம். அந்த நாயகரைக் குதிரையேற்றிப் படம்பிடித்த கர்ணன் அப்போது நம்மிடையே உயிரோடிருந்தார். இரண்டாண்டு கழித்து 2012-இல் மறைந்தார். அன்று அவர் பெயரைக் கேட்டு, "அவரா!" என்று சொன்னவர்கள் நம்மில் எத்தனை பேர்?

படச்சுருளும் மனித நினைவைப் போன்றதே. பேணாவிடில் சுருங்கும், புளிப்பு நாற்றம் வீசும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஒருநாள் ஓடாமற் போகும். புனேயில் 1964-இல் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் போன்றவை தம்மால் இயன்றதைக் காத்துவருகின்றன. 'மோசகாள்ளகு மோசகாடு' 2023-இல் புதுப்பொலிவுடன் மீண்டும் திரையிடப்பட்டது. தெலுங்கு மக்களால் இயன்றது தமிழ் மக்களால் இயலாததன்று.

சுருளைக் காக்க நிறுவனங்கள் வேண்டும். பெயரைக் காக்க நாமே போதும். இனி ஒரு படம் பார்க்கும்போது, பெயர்ப்பட்டியல் ஓடுகையில் எழுந்து செல்லாமல் இரண்டு நிமிடம் அமர்ந்திருப்போம். ஒளிப்பதிவு, கலை, படத்தொகுப்பு, ஒலி, உடை, குதிரைப் பராமரிப்பு என்று வரும் பெயர்களை ஒருமுறை வாசிப்போம். பிள்ளைகள் உடனிருந்தால் அவர்களையும் வாசிக்கச் சொல்வோம்.

அடுத்தமுறை வைத்திக்குப்பத்தில் வலை கரையேறக் கண்டால், மீனைப் பார்த்த பிறகு கயிறு பிடித்த ஒருவரிடம் சென்று, "அண்ணே, உங்க பேர் என்ன?" என்று கேட்போம். அவர் சற்று வியப்பார், பிறகு சொல்வார்.